கயாக் கிட் வாங்கும் முன்: பாதியில விட்டா எவ்வளவு போகும்?



போனஸ் பணத்தை எப்படிப் பிரிக்கணும்னு போன வீடியோவுல பேசியிருந்தோம். கடன், எமர்ஜென்சி ஃபண்ட், முதலீடு எல்லாம் போக, ஒரு பங்கை மனசுக்குப் பிடிச்ச விஷயத்துக்கு ஒதுக்கலாம்னு சொன்னேன். அந்தப் பங்கை ஒருத்தர் எப்படிச் செலவு பண்ணப் பார்த்தார்ங்கறதுதான் இன்னைக்குப் பதிவு.

என்கிட்ட வருமான வரி ஃபைலிங்குக்கு வர்றவர். வயசு 43, சோழிங்கநல்லூர்ல ஐடி வேலை. இந்த வருஷம் வரி போகக் கைக்கு வந்த போனஸ் ₹3,20,000. அதை வச்சு அமெரிக்காவுல இருந்து ஒரு கயாக் கிட் வரவழைச்சு, வீட்டு கார் பார்க்கிங்லயே தன் பொண்ணோட சேர்ந்து கட்டணும்னு ஆசை. பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. "இன்னும் நாலு வருஷத்துல காலேஜ், ஹாஸ்டல்னு போயிடுவா சார். அதுக்குள்ள ஏதாவது ஒண்ணு சேர்ந்து செய்யணும்"னு சொன்னார்.

இந்தக் காரணத்துக்கு எக்செல்ல ஒரு கட்டம் கிடையாது. ஆனா மத்த எல்லாத்துக்கும் கட்டம் இருக்கு. அதைத்தான் அவரோட உட்கார்ந்து போட்டோம். கயாக் உங்களுக்கு வேண்டாம்னாலும் படிங்க. வெளிநாட்டுல இருந்து வர்ற எந்தப் பெரிய ஹாபி பொருளுக்கும், டெலஸ்கோப்போ, மர வேலை மெஷினோ, இதே கணக்குதான்.

கிட்னா பெட்டிக்குள்ள என்ன வரும்?

கயாக் என்பது ஒருத்தரோ ரெண்டு பேரோ உட்கார்ந்து, ரெண்டு பக்கமும் தட்டையா இருக்கற துடுப்பால தள்ளுற ஒல்லியான படகு. ஆர்க்டிக் பகுதி மக்கள் மரச் சட்டத்து மேல கடல்நாய்த் தோலைப் போர்த்திச் செஞ்ச வேட்டைப் படகுதான் இதுக்கு மூலம். இன்னைக்கு வீட்டுல கட்டறதுக்கு மூணு வகை கிட் கிடைக்குது.

முதல் வகை, பிளைவுட் கிட். நாலு மில்லிமீட்டர் மெரைன் பிளைவுட்டை சிஎன்சி மெஷின்ல வெட்டி, ஓரத்துல துளை போட்டு அனுப்புவாங்க. பலகைகளைச் செம்புக் கம்பியால தைச்சு, மூட்டுகளை எபாக்சி பசையால நிரப்பி, மேல ஃபைபர் கிளாஸ் துணி ஒட்டணும். மேற்கத்திய நாடுகள்ல இந்த முறை 1960-களில் மிரர் டிங்கி என்ற சின்னப் பாய்மரப் படகு மூலமாப் பரவுச்சு. நம்ம ஊருக்குத் தையல் படகு புதுசு இல்ல. சென்னையில துறைமுகம் கட்டறதுக்கு முன்னாடி, கப்பல்ல வந்தவங்களை அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்த மசூலா படகுகள் ஆணியே இல்லாம தேங்காய் நார்க் கயிறால தைச்சவைதான்.

இரண்டாவது, மரப்பட்டி கிட். விரல் அகலத்துக்கு மெல்லிய மரப்பட்டிகளை ஒண்ணொண்ணா அச்சு மேல ஒட்டிக்கிட்டே போகணும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனா 200 மணி நேரத்துக்கு மேல சாதாரணமா இழுக்கும்.

மூணாவது, மரச் சட்டத்துல நைலான் இல்ல பாலியெஸ்டர் துணி போர்த்தும் வகை. எடை கம்மி. ஆனா சட்டத்தை வளைக்கறதும் கட்டறதும் கை பழகின வேலை.

மர வேலையே செய்யாதவங்களுக்கு முதல் வகைதான் ஏத்தது. ஒரு 12 அடி கயாக்குக்கு சுமார் 100 மணி நேரம்னு வச்சுக்கோங்க. ஞாயிறுதோறும் நாலு மணி நேரம் உட்கார்ந்தா 25 ஞாயிறு. கல்யாணம், பரீட்சை, காய்ச்சல் எல்லாம் சேர்த்தா எட்டு மாசம். இந்த எட்டு மாசத்தை மறந்துடாதீங்க, பின்னாடி இதுதான் முக்கியமாகப் போகுது.

₹1.08 லட்சம் எப்படி ₹2.39 லட்சம் ஆகுது?

அமெரிக்காவுல மேரிலாந்து மாநிலம் அன்னாபொலிஸ்ல இருக்கற செசபீக் லைட் கிராஃப்ட் இந்தத் துறையில தெரிஞ்ச பேரு. இங்கிலாந்துல ஃபைன் போட் கிட்ஸ் இருக்கு. இப்படி ஒரு நிறுவனத்தோட இணையதளத்துல போய் விலையைப் பார்த்ததும், "ஒரு லட்சம்தானே"ன்னு தோணும். அந்த விலை அந்த ஊர்க்காரங்களுக்கு. உங்க வீட்டு வாசலுக்கு வர்ற விலை வேற.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். இதுல வர்ற விலை, டாலர் மதிப்பு, வரி விகிதம் எல்லாம் புரிஞ்சுக்கறதுக்காக நான் வச்சுக்கிட்டது. நீங்க வாங்கும்போது அன்னைக்கு நிலவரத்தைப் போட்டுக்கோங்க.

கிட் விலை 1,200 டாலர். டாலர் ₹90-ன்னு எடுத்தா ₹1,08,000.

அடுத்து சரக்குக் கட்டணம். பிளைவுட் ஷீட் எட்டு அடி நீளம், அதனால பெட்டியும் கிட்டத்தட்ட எட்டு அடி இருக்கும். கூரியர் கம்பெனிகள் எடையை மட்டும் பார்க்க மாட்டாங்க, பெட்டி அடைக்கற இடத்தையும் பார்ப்பாங்க. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டர்ல பெருக்கி 5,000-ஆல வகுக்கறது வழக்கம். 244 × 50 × 15 பெட்டின்னா 36.6 கிலோ. உள்ள இருக்கறது 25 கிலோன்னாலும் நீங்க கட்டறது 36.6-க்கு. நீளமான பெட்டிக்குத் தனிக் கட்டணமும் போடுவாங்க. எல்லாம் சேர்த்து ₹60,000-ன்னு வைப்போம்.

இப்ப சுங்க வரி. "பலகையாத்தானே வருது, படகா வரலையே, மரம்னு சொல்லிடலாமா?"ன்னு அவர் கேட்டார். முடியாது. சுங்க வகைப்பாட்டுல பொது விதி 2(ஏ)-ன்னு ஒண்ணு இருக்கு. ஒரு பொருளைப் பிரிச்சுப் பாகங்களா அனுப்பினாலும், சேர்த்தா அந்தப் பொருள்தான்னா, முழுப் பொருளாத்தான் வகைப்படுத்தணும். படகுங்கற வகையில பார்த்தா, கயாக் கிட் வர்றது 8903-ங்கற தலைப்புல. பொழுதுபோக்குப் படகு, துடுப்புப் படகு, கனூ எல்லாம் இருக்கற இடம் அது. இதுல விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், உட்பிரிவைப் பொறுத்தும் மாறும். ஆர்டர் போடறதுக்கு முன்னாடியே ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர்கிட்ட கிட்டோட விவரத்தைக் கொடுத்து, எந்த உட்பிரிவு, எத்தனை சதவீதம்னு எழுத்துல வாங்கிடுங்க.

மாதிரிக்கு அடிப்படை சுங்க வரி 20%, ஐஜிஎஸ்டி 18%-ன்னு எடுத்துக்கறேன்.

விமானத்துல வர்ற சரக்குக்கு ஒரு சலுகை உண்டு. சரக்குக் கட்டணம் எவ்வளவு ஆனாலும், வரி போடற மதிப்புல பொருள் விலையோட 20%-க்கு மேல சேர்க்கக் கூடாது. அதாவது நீங்க ₹60,000 கட்டினாலும் கணக்குல வர்றது ₹21,600. காப்பீட்டுக்கு 1.125%, ₹1,215. ஆக:

வரி போடும் மதிப்பு: ₹1,30,815
அடிப்படை சுங்க வரி 20%: ₹26,163
அந்த வரி மேல சமூக நலக் கூடுதல் வரி 10%: ₹2,616
இது மூணும் சேர்ந்து: ₹1,59,594
இது மேல ஐஜிஎஸ்டி 18%: ₹28,727
மொத்த வரி: ₹57,506

கவனிச்சீங்களா? ஐஜிஎஸ்டி, சுங்க வரி மேலயும் சேர்த்துப் போடப்படுது. வரிக்கு மேல வரி.

கிட் ₹1,08,000, கூரியர் ₹60,000, காப்பீடு ₹1,215, வரி ₹57,506, புரோக்கர், உள்ளூர் டெலிவரி எல்லாம் ₹12,000-ன்னு வச்சா, மொத்தம் ₹2,38,721. இணையதளத்துல பார்த்த விலையைப் போல 2.2 மடங்கு. கிரெடிட் கார்டுல கட்டினா வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் தனி.

இன்னொண்ணு. எபாக்சியோட ஹார்டனர் பல சமயம் அபாயகரமான சரக்குப் பட்டியல்ல வரும். விமானத்துல அனுப்பறது சிரமம், செலவும் அதிகம். அதனால எபாக்சி இல்லாத கிட்டா வாங்கி, எபாக்சியை இங்கேயே வாங்கறதுதான் நடைமுறை. நம்ம கணக்கும் அப்படித்தான். எபாக்சி ₹12,000, வார்னிஷ் ₹6,000, உப்புத்தாள், கையுறை, பிரஷ், மாஸ்க் ₹8,000, சாண்டர் மெஷினும் கிளாம்புகளும் ₹12,000, துடுப்பும் லைஃப் ஜாக்கெட்டும் ₹15,000. இந்த ₹53,000 சேர்ந்தா தண்ணியில இறங்கறப்போ கிட் கயாக்கோட முழு விலை ₹2,91,721.

அவரோட போனஸ்ல 91%.

"கம்பெனி பேர்ல வாங்கிடலாமா சார்?"

இந்தக் கேள்வி வராத நாளே இல்ல. அவர் மனைவிக்கு ஒரு சின்ன டிசைன் ஸ்டுடியோ இருக்கு, ஜிஎஸ்டி ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கு. அதுல வாங்கி ஐஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்கலாமான்னு கேட்டார்.

கூடாது. ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 17(5) தெளிவா இருக்கு. படகுகளுக்கு, அதை விக்கறது, பயணிகளை ஏத்தறது, ஓட்டப் பயிற்சி கொடுக்கறது, சரக்கு ஏத்தறது மாதிரியான தொழில் செஞ்சா மட்டும்தான் கிரெடிட். சொந்த உபயோகத்துக்கு வாங்கற எதுக்கும் கிரெடிட் கிடையாது. வருமான வரியிலயும் சொந்தச் செலவைத் தொழில் செலவாக் காட்ட முடியாது. ₹28,000-ஐ மிச்சம் பிடிக்கப் போய், ஒரு நல்ல ஸ்டுடியோவோட கணக்குல நோட்டீஸ் வர்ற மாதிரி ஒரு வரியைப் போடணுமா? சொந்த ஆசையைச் சொந்தப் பணத்துல வாங்குங்க. சொந்த உபயோகத்துக்கு இறக்குமதி பண்ண ஐஇசி எண்ணும் தேவையில்ல, கேஒய்சி கொடுத்தா போதும்.

ரெண்டாவது வழி: வரைபடம் மட்டும் வாங்கறது

கிட் விக்கற நிறுவனங்கள் பலவும் அதே டிசைனோட வரைபடத்தையும் தனியா விப்பாங்க. முழு அளவுத் தாள்ல அச்சிட்ட டெம்ப்ளேட்டா வரும். அதைப் பலகையில ஒட்டி நீங்களே ஜிக்-சா மெஷின்ல வெட்டலாம். இல்லன்னா, வீட்டு இன்டீரியருக்கு ஜாலி டிசைன் வெட்டிக் கொடுக்கற சிஎன்சி கடைகள் இப்ப எல்லா ஊர்லயும் இருக்கு, அங்க கொடுத்து வெட்டலாம். ஒரு படகு செய்யத்தான் வரைபடத்தோட உரிமம்ங்கறதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

கணக்கு இப்படி வரும்:

வரைபடமும் கையேடும்: ₹10,000
மெரைன் பிளைவுட் நாலு ஷீட்: ₹16,000
சிஎன்சி வெட்டுக் கூலி: ₹10,000
எபாக்சி: ₹12,000
ஃபைபர் கிளாஸ் துணி: ₹8,000
உப்புத்தாள், கையுறை வகையறா: ₹8,000
சாண்டர், கிளாம்பு: ₹12,000
வார்னிஷ்: ₹6,000
சீட், கால் தாங்கி, பட்டைகள், மூடி: ₹12,000
துடுப்பு, லைஃப் ஜாக்கெட்: ₹15,000
மொத்தம்: ₹1,09,000

போனஸ்ல 34%. கிட்டுக்கும் இதுக்கும் வித்தியாசம் ₹1,82,721.

பிளைவுட்ல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வெளிநாட்டுக் கிட்ல பெரும்பாலும் பிஎஸ் 1088 தரத்துல ஒக்கூமே மரப் பலகை வரும். நம்ம ஊர்ல ஐஎஸ் 710 முத்திரை உள்ளதைக் கேளுங்க. "பிடபிள்யூஆர் போதும் சார்"னு கடைக்காரர் சொல்வார். அது கிச்சன் கேபினட்டுக்குப் போதும். ஐஎஸ் 710 பலகை 72 மணி நேரம் கொதிநீர்ல கிடந்தும் பிரியாம இருக்கணும்ங்கறது தர நிபந்தனை. முழு ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஒரு துண்டு வாங்கி, வீட்டுல ஒரு பழைய பாத்திரத்துல சில மணி நேரம் கொதிக்க விட்டு, காய வச்சுப் பாருங்க. ஓரம் பிரிஞ்சா அந்தக் கடையை விட்டுடுங்க. வெட்டின ஓரத்துல உள்ளுக்குள்ள ஓட்டை இருக்கான்னும் பாருங்க. நம்ம ஊர்ப் பலகை ஒக்கூமேயை விடக் கனம், அதனால படகு சில கிலோ கூடும்.

இப்ப அசல் கேள்வி: பாதியில விட்டா?

இதுவரைக்கும் போட்டது எல்லாம் படகு முடிஞ்சா ஆகற செலவு. எல்லாரும் அதைத்தான் ஒப்பிடுவாங்க. ஆனா நம்ம வீடுகள்ல ஒரு சுத்து சுத்திப் பாருங்க. துணி காயற டிரெட்மில், உறை போட்டு மூடின கீபோர்டு, மூணு கிளாஸ் போன கிதார். ஹாபி செலவுல பெரிய நஷ்டம் விலை அதிகம்ங்கறதுல வர்றது கம்மி. முழுப் பணத்தையும் முதல்லயே கட்டிட்டு, நடுவுல நின்னுடறதுலதான் வருது.

தொழில்ல ஒரு புராஜெக்டைப் பார்க்கும்போது, எந்த எந்தக் கட்டத்துல வெளியேற முடியும், அப்ப எவ்வளவு போயிருக்கும்னு பார்ப்போம். அதையே இங்க போட்டுப் பாருங்க.

கிட் வாங்கினா, பெட்டி வீட்டுக்கு வந்த அன்னைக்கே ₹2,38,721 போயாச்சு. ஒரு கம்பி கூட முறுக்கலை. அதைத் திருப்பி அனுப்பினா மறுபடி கூரியர் செலவு. இங்க விக்கலாம்னா வாங்கறவங்க ரொம்பக் கம்மி.

வரைபட வழியில போனா, முதல் கட்டத்துல ₹10,000. கையேட்டை முழுசாப் படிச்சுட்டு "இது நமக்கு வராது"ன்னு தோணினா, போனது அவ்வளவுதான். பலகை வெட்டற வரைக்கும் போய் நின்னா ₹36,000. எபாக்சி, துணி, மெஷின் எல்லாம் வாங்கி, ஓடு உருவாகற நேரத்துல நின்னா ₹76,000. அதுலயும் சாண்டரும் கிளாம்பும் வீட்டுல உபயோகப்படும். கடைசி ₹33,000, படகு கண்ணுக்கு முன்னாடி நிக்கும்போதுதான் செலவாகும். அப்ப யாரும் நிறுத்த மாட்டாங்க.

எட்டு மாசத்துல செலவு பரவறதால, போனஸ்ல மிச்சம் இருக்கற பணம் அதுவரைக்கும் லிக்விட் ஃபண்ட்ல கிடக்கும். வேலையில ஏதாவது ஆச்சுன்னா நிறுத்தி வைக்கலாம். ஐடில இருக்கறவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்ல.

நியாயமா இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். கிட்ல எல்லாப் பாகமும் அச்சுப் பிசகாம சேரும், அதனால முடிக்கற வாய்ப்பு அதிகம். வரைபட வழியில அளவு தப்பினா ஒரு ஷீட்டும் வெட்டுக் கூலியும் சேர்ந்து ஆறு, ஏழாயிரம் வீணாகலாம். அப்படி மூணு தடவை தப்பு வந்தாலும் ₹21,000. கிட்டுக்கும் இதுக்கும் உள்ள ₹1.82 லட்சம் வித்தியாசத்துல அது ஒரு ஓரம்.

அப்போ யாருக்குக் கிட் சரி?

நம்ம சேனலை நியூ ஜெர்சியில இருந்தும் லண்டன்ல இருந்தும் நிறைய பேர் பார்க்கறீங்க. உங்களுக்குக் கணக்கு அப்படியே தலைகீழ். கிட் உள்ளூர்ல தயாராகுது. சுங்க வரி இல்ல, லாரியில வந்து இறங்கும். உங்க ஊர்ல பலகை வாங்கி, ஆள் வச்சு வெட்டற செலவைப் பார்த்தா, கிட்டோட கூடுதல் விலை உங்க நேரத்துக்கான விலைதான். நேரம் கம்மியா இருக்கறவங்க தாராளமா வாங்கலாம். நேர்ல போய் எடுத்தா சரக்குக் கட்டணமும் மிச்சம். ஒரே பொருள், ஒரே விலை, ஆனா எந்த ஊர்ல உட்கார்ந்து வாங்கறோம்ங்கறதுல முடிவு மாறிடுது.

"வாடகைக்கு எடுத்தா எவ்வளவு மிச்சம்?"

இந்தக் கேள்விக்கு நான் ஒளிவுமறைவு இல்லாம பதில் சொல்லிடறேன். மிச்சம் இல்ல.

சென்னைக்குப் பக்கத்துல முட்டுக்காடு, கோவளம் பக்கம் கயாக் வாடகைக்குக் கிடைக்குது. ஒரு தடவைக்கு ₹800-ன்னு வைப்போம். வருஷத்துக்கு 20 தடவை போனா ₹16,000. ₹1,09,000-ஐ அதால வகுத்தா கிட்டத்தட்ட ஏழு வருஷம். கிட்டா இருந்தா 18 வருஷம். ரெடிமேடா வர்ற பாலிஎத்திலீன் கயாக்கை, மாதிரிக்கு ₹50,000-க்கு வாங்கினா, துடுப்பு, ஜாக்கெட் சேர்த்து ₹65,000, நாலு வருஷத்துல வாடகைக்குச் சமம். துடுப்பு போடறது மட்டும்தான் உங்க ஆசைன்னா ரெடிமேடை வாங்கிடுங்க. சும்மா கிடந்தாலும் வெயில்ல வார்னிஷ் பூச வேண்டியதில்ல.

கட்டறதுக்கு ஆசைப்பட்டா கணக்கை வேற மாதிரி வகுங்க. ₹1,09,000-ஐ 100 மணி நேரத்தால வகுத்தா மணிக்கு ₹1,090, ரெண்டு பேருக்கு. ஒரு ஞாயிறு மால்ல படம், பாப்கார்ன், சாப்பாடு, பார்க்கிங்னு போட்டுப் பாருங்க, பெரிய வித்தியாசம் வராது. இதுல முடிவுல ஒரு படகும் மிஞ்சும்.

"இந்தப் பணத்தை 15 வருஷம் முதலீடு பண்ணியிருந்தா"ன்னு நம்ம மாதிரி ஆளுங்க ஒரு வரி சேர்ப்போம். ₹2.92 லட்சம் 10% கூட்டு வட்டியில 15 வருஷத்துல சுமார் ₹12.2 லட்சம் ஆகும், உண்மைதான். அந்தக் கணக்கை வச்சு உலகத்துல எந்தச் சந்தோஷத்தையும் தள்ளிப் போட முடியும். அவர் பொண்ணு 15 வருஷம் காத்துக்கிட்டு ஒன்பதாவது படிக்க மாட்டா. அதனால அந்தக் கணக்கை முதலீட்டுப் பங்குக்குப் போடுங்க. ஆசைப் பங்குக்கு ஒரே விதி: அது ஏற்கெனவே ஒதுக்கின தொகைக்குள்ள இருக்கணும். ஆறு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட், டேர்ம் இன்ஷூரன்ஸ், குடும்பத்துக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ், கிரெடிட் கார்டு பாக்கி இல்லாத நிலைமை, இது நாலும் இருந்தாதான் அந்தப் பங்கே. இஎம்ஐல ஹாபி வேண்டாம். படகு கட்டி முடியறதுக்கு முன்னாடி ஆர்வம் போனாலும் இஎம்ஐ போகாது.

அவர் வரைபட வழியை எடுத்தார். ₹1,20,000 ஒதுக்கி, தனி சேவிங்ஸ் அக்கவுண்ட்ல போட்டு, செலவுக் கணக்கு எழுதற வேலையைப் பொண்ணுகிட்ட கொடுத்துட்டார். மிச்சம் ₹2,00,000-ல வீட்டுக் கடன்ல ஒரு பகுதி கட்டினார். நான் இந்தப் பதிவை எழுதும்போது பலகை வெட்டற கட்டத்துல இருக்காங்க. முடிப்பாங்களான்னு கேட்டா, இப்ப நிறுத்தினா ₹36,000 போகும்னு அவங்களுக்கே தெரியும். தெரிஞ்சுதான் செய்யறாங்க.

எந்த டிசைன்? விலைக்கு முன்னாடி பார்க்க வேண்டியவை

உங்க எடை: ஒவ்வொரு டிசைனுக்கும் எவ்வளவு எடை தாங்கும்னு போட்டிருப்பாங்க. உங்க எடையோட தண்ணி, சாப்பாடு, பை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்க. கட்டினதுக்கு அப்புறம் மாத்த முடியாது.

நீளம், அகலம்: கழிமுகம், ஏரி மாதிரி அமைதியான தண்ணிக்கு 12 அடி நீளம், 28-லிருந்து 30 அங்குல அகலம் பழகறவங்களுக்கு வசதி. 16, 17 அடி ஒல்லிப் படகுகள் வேகமாப் போகும், ஆனா ஆடும்.

லிஃப்ட்: சிரிக்காதீங்க. 12 அடி படகு அப்பார்ட்மெண்ட் லிஃப்ட்ல ஏறாது. கட்டற இடத்துல இருந்து கார் வரைக்கும் டேப் வச்சு அளந்துடுங்க, திருப்பம் உட்பட. கட்டற இடத்துல படகைச் சுத்தி மூணடி நடக்க இடம் வேணும். அசோசியேஷன்ல அனுமதியும் வாங்கிடுங்க. எபாக்சி வேலையும் உப்புத்தாள் தூசியும் பொதுப் பார்க்கிங்ல சண்டையைக் கொண்டு வரும்.

வெயிலும் ஈரமும்: நம்ம ஊர்ச் சூட்டுல எபாக்சி சீக்கிரம் இறுகும். மெதுவா இறுகும் ஹார்டனரா வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து, அகலமான தட்டுல ஊத்தி வேலை செய்யுங்க. ஈரக் காத்துல மேல மெழுகு மாதிரி ஒரு படலம் படியலாம். அடுத்த கோட்டுக்கு முன்னாடி தண்ணி தொட்டுத் துடைச்சுடணும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி முடியற மாதிரி ஆரம்பிக்கறது நல்லது. எபாக்சி தோல்ல தொடர்ந்து பட்டா நிரந்தரமா ஒவ்வாமை வரலாம். கையுறையும் மாஸ்க்கும் குழந்தைக்கும் சேர்த்து வாங்குங்க, அந்தச் செலவைக் குறைக்காதீங்க.

லைஃப் ஜாக்கெட்: நீச்சல் தெரிஞ்சாலும் இது இல்லாம தண்ணியில இறங்காதீங்க. மொத்த பட்ஜெட்ல பேரம் பேசக் கூடாத ஒரே வரி இதுதான்.

இந்த மாசம் நீங்க செய்ய வேண்டியது

ஒண்ணு: எங்க இறக்கப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க. ஏரி, அணை, கழிமுகம் எல்லாம் ஏதோ ஒரு துறையோட கட்டுப்பாட்டுல இருக்கும். சொந்தப் படகு இறக்க அனுமதி உண்டான்னு நேர்ல போய்க் கேளுங்க. இந்தக் கேள்விக்குச் செலவு பெட்ரோல் மட்டும். பதில் "இல்ல"ன்னு வந்தா லட்ச ரூபாய் மிச்சம்.

ரெண்டு: அஞ்சு தடவை வாடகைக்கு எடுத்து ஓட்டுங்க. ₹4,000. மூணாவது தடவைக்கே போகச் சோம்பலா இருந்தா, உங்களுக்குப் பதில் கிடைச்சாச்சு.

மூணு: மேல இருக்கற ரெண்டு கணக்கையும் உங்க ஊர் கொட்டேஷன் வச்சு ஒரு தாள்ல போடுங்க. ஒவ்வொரு கட்டத்துக்கு நேரா "இங்க நிறுத்தினா போறது"ன்னு ஒரு காலம் சேருங்க. அந்தக் காலத்துல எந்தத் தொகையைப் பார்த்ததும் வயிறு பிசையுதோ, அதுக்கு முந்தின கட்டம் வரைக்கும்தான் இப்போதைக்கு உங்க எல்லை.

நாலு: வீட்டுல அந்தத் தாளைக் காட்டிப் பேசுங்க. 25 ஞாயிறு உங்களோடது மட்டும் இல்ல.

அடுத்த வீடியோவுல, சுங்க வரி மதிப்பு எப்படிப் போடறதுன்னு எக்செல் ஷீட்டோட வர்றேன். சந்திப்போம்!